குளத்துக்குள் ஓர் ஓட்டம்

நுழையும்முன்

ஆறு ஓடுவதைக் கண்ணால் காண்கிறோம். ஏரி நிரம்பி மறுகால் பாய்வதையும் காண்கிறோம். நான்கு சுவர்களுக்குள் அசைவற்றுக் கிடப்பதுபோல் தோன்றும் நீச்சல் குளத்து நீரும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த ஓட்டம் நின்றாலோ ஒருபுறம் மட்டும் நிகழ்ந்தாலோ குளம் நோய்க்கும் சில வேளைகளில் உயிரிழப்புக்கும் இடமாகிவிடும். வீட்டு நீச்சல் குளத்தின் நீர்ச்சுழற்சி எவ்வாறு அமைகிறது, அதனை எவ்வாறு சமன் செய்வது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பெரம்பூரும் நீரும்

வடசென்னையின் பெரம்பூர் நீராவியால் வளர்ந்த ஊர். பக்கிங்ஹாம் ஆலை 1876-இலும் கர்நாடிக் ஆலை 1881-இலும் இப்பகுதியில் தோன்றின. இரயில் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பணிமனைகள் இங்கே அமைந்தன. 1955 அக்டோபர் 2 அன்று இரயில்பெட்டித் தொழிற்சாலையை நேரு தொடங்கிவைத்தார். குழாய், வால்வு, அழுத்தமானி ஆகியவற்றோடு பழகிய கைகள் தலைமுறை தலைமுறையாக இவ்வூரில் உண்டு. கடினநீர் கொதிகலனுக்குள் சுண்ணாம்பாகப் படிந்து எஞ்சினின் ஆற்றலைக் குறைத்துவிடும் என்பதும் அக்கைகளுக்குத் தெரிந்த செய்திதான்.

இன்று அந்த ஆலைகள் இல்லை. அவை இயங்கிய நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. இத்தகைய புதிய குடியிருப்புகளிலும் தனிவீடுகள் சிலவற்றிலும் நீச்சல் குளம் ஒரு வசதியாக இடம்பெறத் தொடங்கியுள்ளது. ஆனால் குளத்தை நிரப்பும் நீர் எளிதில் கிடைப்பதன்று. வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது; 1960-களின் இறுதியிலிருந்தே அது பதிவாகியுள்ளது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் புழல், சோழவரம், செம்பரம்பாக்கம், பூண்டி ஆகிய ஏரிகள் ஏறத்தாழ வறண்டுபோயின. நகரின் பல தெருக்களில் குடங்கள் வரிசைகட்டி நின்றன. எட்டு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் சராசரியாக ஒன்றேகால் மீட்டர் ஆழமும் உடைய சிறு குளமொன்று 40,000 லிட்டர் நீரைக் கொள்ளும். ஒன்பதாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் நான்கு வந்து கவிழ்த்தாலும் அது நிரம்பாது. நீர் கலங்கியதும் திறந்துவிட்டுப் புதுநீர் பிடிப்பது இவ்வூருக்கு ஒவ்வாத வழக்கம். ஒருமுறை நிரப்பிய நீரையே ஆண்டுக்கணக்கில் தூய்மையாகக் காக்க வேண்டும். அதனைச் செய்வது சுழற்சி.

குமிழித்தூம்பு சொல்லும் செய்தி

தேங்கிய நீரின் மேற்பகுதியும் அடிப்பகுதியும் ஒன்றல்ல என்பதைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டறிந்திருந்தனர். ஏரிக்குள் கரையிலிருந்து சற்றுத் தள்ளிக் கல்லால் அமைக்கப்பட்ட குமிழித்தூம்பு இதற்குச் சான்று. அதில் இரண்டு வகைத் துளைகள் உண்டு. மேலே இருப்பது நீரோடி. தெளிந்த நீர் அதன் வழியே வயலுக்குச் செல்லும். தரையோடு ஒட்டியிருப்பது சேறோடி. அடியில் படிந்த வண்டலை நீரோடு சுழற்றி இழுத்து அது வெளியேற்றும். தூர்வார ஆளின்றியே ஏரியின் அடி ஓரளவு தூய்மை பெற்றது.

நீச்சல் குளமும் மேலொன்றும் கீழொன்றுமாக இரு வாய்களால் நீரை வெளியே அனுப்புகிறது. சுவரின் மேற்பகுதியில், நீர்மட்டத்தோடு ஒட்டிச் செவ்வக வடிவில் இருக்கும் வாய்க்கு ஸ்கிம்மர் என்று பெயர். இலை, தூசி, உடலில் பூசிய எண்ணெய் முதலிய மிதக்கும் பொருள்களை அது இழுத்துக்கொள்ளும். குளத்தின் மிக ஆழமான இடத்தில் தரையில் இருப்பது அடிவடிகால். மணலும் படிவும் கலந்த நீர் அதன் வழியே செல்லும். ஏரியில் தெளிந்த நீர் மேலேயும் அழுக்கு அடியிலும் இருக்கின்றன. மனிதர் நீந்தும் குளத்திலோ அழுக்கின் பெரும்பகுதி மேற்பரப்பில் மிதக்கிறது. ஆதலின் இங்கே மேல்வாய்க்கே கூடுதல் பங்கு தரப்படுகிறது.

இரு வாய்களிலிருந்தும் வரும் நீரை மோட்டார் இழுத்து மணல் வடிகட்டிக்குள் செலுத்துகிறது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் அமைந்த நீர் நிலையத்திலும் மணலே புழல் ஏரி நீரைத் தெளிவித்தது. ஆனால் அங்கே நீர் மணலுக்குள் மெல்ல இறங்கும். அத்தகைய வடிகட்டியில் ஒரு மணி நேரத்தில் நீர் கடப்பது பத்து, இருபது சென்டிமீட்டர் அளவே. வீட்டுக் குளத்து வடிகட்டியிலோ அழுத்தத்தின் உதவியால் நீர் அதைப்போல் நூறு மடங்குக்கு மேலான விரைவில் பாய்கிறது. தெளிந்த நீர் பின்னர்ச் சுவரிலுள்ள வரவுவாய்கள் வழியே குளத்துக்குத் திரும்புகிறது.

ஒரு சுற்று போதுமா?

குளத்தின் கொள்ளளவுக்குச் சமமான நீர் வடிகட்டி வழியே செல்ல ஆகும் நேரத்தை ஒரு சுற்று என்பர். மேலே சொன்ன குளத்தில் ஒரு சுற்றுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 111 லிட்டர் நீர் ஓடவேண்டும். ஆறு மணி நேரம் முடிந்ததும் குளத்து நீர் முழுவதும் தூய்மையாகிவிடும் என்றே எவரும் எண்ணுவர். அப்படி ஆவதில்லை.

வடிகட்டியிலிருந்து வரும் தெளிந்த நீர் தனியே ஒதுங்கி நிற்பதில்லை. கலங்கிய நீரோடு உடனே கலந்துவிடுகிறது. அடுத்த நிமிடம் மோட்டார் இழுக்கும் நீரில், ஏற்கெனவே வடிகட்டப்பட்டதும் ஒரு பங்கு இருக்கும். ஒவ்வொரு நிமிடமும் எஞ்சியுள்ள அழுக்கில் 360-இல் ஒரு பங்குதான் நீங்குகிறது. இவ்வாறு 360 நிமிடங்களுக்குக் கணக்கிட்டால், முதல் சுற்றின் முடிவில் 63 விழுக்காடு நீரே வடிகட்டியைக் கண்டிருக்கும். 37 விழுக்காடு கண்டிருக்காது. இரண்டாம் சுற்றில் அது 13 அல்லது 14 விழுக்காடாகக் குறையும். மூன்றாம் சுற்றில் 5. நான்காம் சுற்றில் 2-க்குச் சற்றுக் குறைவு. நாள் ஒன்றுக்கு ஒரு சுற்று ஓட்டி நிறுத்திவிடுவோர் தம் குளம் எப்போதும் மங்கலாகவே இருப்பதற்கு வடிகட்டியைக் குறைகூறுவதுண்டு. வடிகட்டியின் மேல் பிழையில்லை.

இக்கணக்கு ஒன்றை மட்டும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு தொடங்குகிறது. நீர் எங்கும் சீராகக் கலக்கிறது என்பதே அது. உண்மையான குளத்தில் அது தானாக நிகழாது. ஏணிக்குப் பின்புறம், படிக்கட்டின் இடுக்கு, மூலைகள் ஆகிய இடங்களில் நீர் அசையாது நிற்கும். நான்கு சுற்று ஓடினாலும் அந்த இடத்து நீர் வடிகட்டியைக் காணாது. குளோரினும் அங்கே சென்று சேராது. சுவரில் வழவழப்பாகப் பாசி தொடங்குவது பெரும்பாலும் இத்தகைய மூலைகளிலேதான். பல நாள் மோட்டாரை நிறுத்திவைத்த குளம் முழுவதுமே ஒரு மூலையாகிவிடுகிறது. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. கிணறு, மேல்நிலைத் தொட்டி போன்றவற்றின் தெளிந்த நீரிலேயே முட்டையிடுகிறது. கைவிடப்பட்ட நீச்சல் குளம் அதற்கு உகந்த இடம்.

அருகில் மிகுதி, தொலைவில் குறைவு

சமன் செய்தல் என்னும் பணி வரவுவாய்களில் தொடங்குகிறது. மோட்டார் அறையிலிருந்து ஒரே தடிமனுள்ள இரு குழாய்கள் செல்வதாகக் கொள்வோம். ஒன்று நான்கு மீட்டர் தொலைவிலுள்ள வரவுவாய்க்கும் மற்றொன்று பதினாறு மீட்டர் தொலைவிலுள்ள வரவுவாய்க்கும் போகின்றன. நீர் எளிய வழியையே நாடும். குழாயின் உராய்வு நீளத்தோடு நேராகவும், ஓட்டத்தின் விரைவோடு ஏறத்தாழ இருமடி விகிதத்திலும் கூடும். இரு குழாய்களும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே குளத்தில் முடிவதால், இரண்டிலும் அழுத்த இழப்பு சமமாக இருந்தே தீரவேண்டும். நீளம் நான்கு மடங்கானால் ஓட்டம் பாதியாகும். வளைவுகளின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 111 லிட்டரில் 74 லிட்டர் அருகிலுள்ள வாய்க்கும் 37 லிட்டர் தொலைவிலுள்ள வாய்க்கும் பிரிந்து செல்லும்.

தொலைவு மூலையில் நீர் தேங்குவதைக் கண்டு பலர் பெரிய மோட்டாரை வாங்கிப் பொருத்துகின்றனர். இது வீண்செலவு. மோட்டார் எவ்வளவு வலிமை பெற்றாலும் இரண்டுக்கு ஒன்று என்னும் அப்பங்கீடு மாறுவதில்லை. ஓட்டத்தை இருமடங்காக்க நான்கு மடங்கு அழுத்தமும், எட்டு மடங்கு மின்திறனும் தேவைப்படும். மின்கட்டணம் உயரும், மூலை அப்படியே இருக்கும்.

செய்யவேண்டியது எளியது. அருகிலுள்ள குழாயின் வால்வைச் சிறிது சிறிதாக மூடி அதன் தடையைக் கூட்டவேண்டும். அங்கே மறுக்கப்பட்ட நீர் தானாகவே தொலைவு வாய்க்குச் செல்லும். ஏரிப் பாசனத்தில் தலைமடை வயலின் மடையைச் சற்று அடைத்தால்தான் கடைமடைக்கு நீர் எட்டும் என்பதை உழவர் அறிவர். இதுவும் அதே கணக்குத்தான். புதிதாகக் குளம் கட்டுவோர் குழாயை நடுவில் பிரித்து இருபுறமும் சம நீளத்தில் கொண்டுசென்றால் வால்வைத் திருகும் வேலையே குறையும். சமன் செய்த பின்னர் வால்வின் கைப்பிடி நின்ற இடத்தை வண்ணத்தால் குறித்துவைப்பது தேர்ந்த பணியாளரின் வழக்கம். இல்லையேல் அடுத்து வருபவர் அறியாமல் அதனை முழுதும் திறந்துவிடக்கூடும்.

சமனாயிற்றா என்பதைக் கண்ணால் காண ஒரு வழி உண்டு. குளோரின் இடுவதற்கு முன், வரவுவாய் வழியே தீங்கற்ற வண்ணக் கரைசல் செலுத்தப்படும். குளோரின் இருந்தால் வண்ணம் வெளுத்துவிடும் என்பதால்தான் இந்த முன்னேற்பாடு. வண்ணம் பரவும் வழியைக் கரையில் நின்று பார்த்தால் ஓட்டத்தின் போக்கு தெரியும். கடைசிவரை வெளிறி நிற்கும் இடமே தேக்கமூலை. வரவுவாயின் முனையைச் சற்றுத் திருப்பி அந்த மூலையை நோக்கி அமைத்தால் பெரும்பாலும் குறை நீங்கும். முனைகள் சிறிது கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் தரையோரத்து நீரும் கிளர்ந்தெழும்.

காற்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும். பெரம்பூருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் கடல். கோடை நாள்களில் நண்பகலையொட்டிக் கடற்காற்று கிழக்கிலிருந்து புறப்படும். குளத்தில் விழும் வேப்பிலையும் சாலைத் தூசியும் அதனால் மேற்குச் சுவரை நோக்கி நகரும். ஸ்கிம்மர் மேற்குச் சுவரிலும் வரவுவாய்கள் கிழக்குச் சுவரிலும் இருப்பின் காற்றும் மோட்டாரும் ஒரே திசையில் உழைக்கும். இடம் மாறிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்க்கும். இலைகள் குளத்தின் நடுவே சுற்றிக்கொண்டே இருக்கும்.

இழுக்கும் வாய்களும் உயிர்க்காப்பும்

வரவில் ஏற்படும் சமனின்மை நீரைக் கெடுக்கும். இழுப்பில் ஏற்படும் சமனின்மை ஆளையே கொல்லக்கூடும்.

ஸ்கிம்மரின் வாயில் நீர்மட்டம் நடுவளவில் நிற்கவேண்டும். சென்னைக் கோடையில் நாள்தோறும் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நீர் ஆவியாகும். ஒரு வாரத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர் இறங்கிவிடும். நீந்துவோர் சிதறடிக்கும் நீரும் இதனோடு சேரும். மட்டம் வாய்க்குக் கீழே சென்றால் ஸ்கிம்மர் நீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும். மோட்டார் வெற்றோட்டம் ஓடிச் சூடேறும். அதனைத் தவிர்க்கச் சிலர் ஸ்கிம்மரின் வால்வை மூடி, இழுப்பு முழுவதையும் அடிவடிகாலுக்கே விட்டுவிடுகின்றனர். குளத்தில் ஒரே ஓர் அடிவடிகால் இருக்கும்போது இது மிகத் தீங்கானது.

இருபது சென்டிமீட்டர் நீள அகலமுள்ள வடிகாலின் மேல் ஒரு குழந்தை அமர்ந்து அதனை முற்றிலும் அடைத்துக்கொண்டதாக எண்ணிப் பார்க்கலாம். மோட்டார் இழுத்துக்கொண்டே இருக்கும். வேறு வழியில் நீர் வராததால் குழாய்க்குள் அழுத்தம் குறையும். அக்குறைவு 30 கிலோபாஸ்கல் அளவை எட்டினாலே உடலைப் பற்றியிழுக்கும் விசை 1,200 நியூட்டன் ஆகும். 120 கிலோ எடையைத் தூக்குவதற்கு வேண்டிய வலிமை அது. 2002-இல் அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வெந்நீர்த் தொட்டியின் வடிகாலில் இவ்வாறு சிக்கினாள். தாயால் அவளை விடுவிக்க இயலவில்லை. இரண்டு ஆடவர் சேர்ந்து இழுத்தபோது வடிகாலின் மூடி உடைந்த பின்னரே அவள் உடல் விடுபட்டது, உயிர் பிழைக்கவில்லை. அத்தாயின் தொடர்முயற்சியால் 2007-இல் அந்நாடு நீச்சல் குள வடிகால்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. சட்டம் அச்சிறுமியின் பெயரைத் தாங்கியுள்ளது.

தீர்வு இங்கும் சமன் செய்தலே. ஒரு வடிகாலுக்குப் பதில் இரண்டு வடிகால்களைக் குறைந்தது மூன்றடி இடைவெளியில் அமைத்து, இடையில் வால்வு எதுவும் இன்றி ஒரே குழாயில் இணைக்கவேண்டும். ஒருவர் உடல் இரண்டையும் ஒருசேர அடைக்க முடியாது. ஒன்று அடைபட்டால் மற்றொன்றின் வழியே நீர் பாயும், இழுவிசை பெருகாது. மூடி தட்டையாக இல்லாமல் குவிந்திருப்பின் உடலோடு ஒட்டிக்கொள்ளாது. மூடி உடைந்தோ திருகாணி கழன்றோ இருந்தால், சரிசெய்யும்வரை மோட்டாரை நிறுத்தி ஒருவரையும் குளத்தில் இறங்கவிடாமல் காப்பதே முறை. மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் பூட்டிய அறைக்குள் இருப்பதைப் பல இடங்களில் காணலாம். குளத்திலிருந்து எட்டிப் பார்க்கும் தொலைவில் அது இருக்கவேண்டும்.

எப்போது ஓட்டுவது?

பாதி விரைவில் இருமடங்கு நேரம் ஓட்டினால் சுழலும் நீரின் அளவு மாறாது. ஆனால் மின்திறன் எட்டில் ஒரு பங்காகக் குறைவதால், மொத்த மின்செலவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். வேகத்தை மாற்றக்கூடிய மோட்டார்கள் விலை மிகுந்தவையாயினும் வாங்கப்படுவதற்கு இதுவே காரணம். மெல்ல ஓடும் நீரை மணலும் நன்றாக வடிக்கும்.

குளோரின் வெயிலில் விரைந்து சிதையும் இயல்புடையது. ஆதலின் பகலில் நீர் ஓடிக்கொண்டிருப்பதும், மாலையில் குளோரின் இடுவதும் ஏற்றவை. ஓட்டம் நின்றிருக்கும்போது ஓர் ஓரத்தில் கொட்டிய குளோரின் அங்கேயே தங்கிக் கண்ணையும் தோலையும் எரிக்கும். நீரின் பி.எச். மதிப்பும் கவனத்துக்குரியது. உலக நலவாழ்வு நிறுவனம் குளோரின் இடப்படும் குளங்களுக்கு 7.2 முதல் 7.8 வரையான பி.எச். மதிப்பைப் பரிந்துரைக்கிறது. பி.எச். 7.5-இல் குளோரினின் பாதி, கிருமியைக் கொல்லும் ஆற்றல்மிக்க வடிவில் இருக்கும். 8-ஐத் தொட்டால் அது நான்கில் ஒரு பங்காகிவிடும். பெரம்பூரில் லாரி நீரோ ஆழ்துளைக் கிணற்று நீரோ கடினமாக இருப்பின் பி.எச். உயரும்போது சுண்ணாம்பு பிரிந்து குழாயிலும் வடிகட்டி மணலிலும் படியும். பழைய எஞ்சின் கொதிகலனைப் பாழாக்கிய அதே படிவு இது. அது குழாயின் உட்புறத்தைக் குறுக்க, பாடுபட்டுச் சமன் செய்த ஓட்டமும் மெல்ல மெல்லப் பிறழும். பி.எச். குறைக்கும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலந்தால் நச்சுவாயு எழும் என்பதால், இரண்டையும் தனித்தனி இடங்களில் வைப்பர்.

மணலில் அழுக்குச் சேரச் சேர வடிகட்டியின் அழுத்தமானி ஏறும். தூய நிலையில் காட்டிய அளவைவிடச் சதுர அங்குலத்துக்கு எட்டு முதல் பத்துப் பவுண்டு கூடினால், நீரை எதிர்த்திசையில் பாய்ச்சி மணலைக் கழுவவேண்டும். கண்ணாடிக் குழலில் நீர் தெளிந்து வரும்வரை, இரண்டு மூன்று நிமிடங்கள், இது நடக்கும். ஒருமுறைக்கு ஏறத்தாழ 500 லிட்டர் வெளியேறும். நாள்காட்டியைப் பார்த்துக் கழுவுவோர் நீரை வீணாக்குகின்றனர். அழுத்தமானியைப் பார்த்துக் கழுவுவோர்க்குச் செலவு குறைவு. வெளியேறும் நீரைத் தொட்டியில் பிடித்து, குளோரின் அகலும்வரை இரண்டொரு நாள் வெயிலில் வைத்துச் செடிகளுக்கு ஊற்றலாம். நெடுநாள் மாற்றாத குளத்து நீரில் உப்பு ஏறியிருக்கும். தென்னை அதனை ஓரளவு தாங்கும். ரோசாச் செடி தாங்காது.